புல்லுக்கு இரவுக் குளியல் ஆகாது

வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது பல வீடுகளில் பிள்ளைகளின் வேலை. காய்ந்த மண் நனைந்து வாசனை கிளம்பும். காலும் நனையும், சட்டையும் நனையும். செம்பருத்திக்கும் கத்தரிக்கும் வேரடியில் ஊற்றுகிறவரை அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டு முன்னாலோ பள்ளி வளாகத்திலோ புல்தரை இருந்தால், அதற்கு மட்டும் அந்த நேரத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். பொழுது சாயும்போது நனைகிற புல் மறுநாள் காலைவரை காய்வதில்லை. அந்த ஒரு ராத்திரி ஈரத்தில் பூஞ்சை புல்லுக்குள் புகுந்துவிடும்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்திருக்கும் ஊர்களில் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். நேற்றுவரை பச்சையாக இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பழுப்புத் திட்டு தோன்றும். நாலு நாளில் அது பெரிதாகும். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். திட்டு இன்னும் வேகமாகப் பரவும்.

பூஞ்சை செடியும் அல்ல, விலங்கும் அல்ல. அதற்குப் பச்சையம் கிடையாது. வெயிலைக் கொண்டு உணவு சமைத்துக்கொள்ள அதனால் முடியாது. மெல்லிய இழைகளாக வளர்ந்து, தான் தொடுகிற பொருளின்மேல் செரிமான நீரைச் சுரந்து, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணில் இருக்கும் பூஞ்சைகளில் மிகப் பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. உதிர்ந்த இலையையும் செத்த வேரையும் மக்கவைப்பது அவைதான். அவை இல்லாவிட்டால் பழைய இலைக் குப்பையின் மேல்தான் நாம் நடக்க வேண்டியிருக்கும். உயிருள்ள புல்லைத் தாக்குபவை சில வகைகள் மட்டுமே. அவற்றின் வித்துகளும் இழைகளும் காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கின்றன. அவற்றைத் துடைத்து எடுத்துவிட யாராலும் முடியாது. ஆகையால், 'இந்தப் பூஞ்சை எங்கிருந்து வந்தது?' என்று கேட்பதில் பயன் இல்லை. 'இத்தனை நாள் சும்மா இருந்தது, இன்றைக்கு ஏன் தாக்கியது?' என்று கேளுங்கள்.

இதற்கு விடை தேட அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குப் போவோம். அங்கே கோடைதான் மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர்வரை பிற்பகல் நேரங்களில் அடிக்கடி இடியுடன் மழை கொட்டும். வீடுகளின் முன்னால் செயின்ட் அகஸ்டின் என்னும் அகன்ற இலைப் புல்லை நிறைய வளர்க்கிறார்கள். அந்த மாதங்களில் இலைகளில் சாம்பல் நிறப் புள்ளிகள் விழும். புள்ளியைச் சுற்றிக் கரும்பழுப்பில் ஒரு விளிம்பு இருக்கும். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் இலை கருகிவிடும். இதைச் செய்வது பைரிகுலேரியா என்னும் பூஞ்சை.

அதன் வித்து ஒன்று மாலையில் ஓர் இலைமேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறியது. 40 வித்துகளை நீளவாக்கில் வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். இலை காய்ந்திருந்தால் அது அப்படியே கிடக்கும். இலையில் ஈரம் இருந்தால் வித்தின் முனையிலிருந்து ஒரு பசை கசிந்து, அதை இலையோடு ஒட்டவைக்கும். ஓரிரண்டு மணி நேரத்தில் வித்திலிருந்து ஒரு சிறு குழல் முளைக்கும். குழலின் நுனி சிறிது நேரத்தில் உப்பி, ஒரு குமிழாக மாறும். குமிழின் சுவரில் மெலனின் என்னும் கரிய நிறப்பொருள் படியும். நம் தலைமுடிக்குக் கறுப்பு நிறம் தருவதும் ஒரு வகை மெலனின்தான். இங்கே அதன் வேலை வேறு. குமிழுக்குள் கிளிசரால் என்னும் பொருள் சேரச் சேர, அது வெளியிலுள்ள நீரை உள்ளே இழுக்கும். மெலனின் படிந்த சுவரோ உள்ளே இருக்கும் கிளிசராலை வெளியே விடாது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். 1991-இல் விஞ்ஞானிகள் அந்த அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் அது ஏறக்குறைய 40 மடங்கு! அவ்வளவு அழுத்தத்தோடு குமிழின் அடியிலிருந்து ஒரு நுண்ணிய முள் இறங்கி இலையின் தோலைத் துளைக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர், தன்னந்தனியாக, தண்ணீரை மட்டும் துணையாகக் கொண்டு செய்கிற வேலை இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

விழுந்தவுடன் துளைத்துவிடுவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒட்ட வேண்டும், முளைக்க வேண்டும், குமிழ் உருவாக வேண்டும், அழுத்தம் ஏற வேண்டும். இதற்கெல்லாம் பல மணி நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் இலையில் ஈரம் நிற்க வேண்டும். பாதி வேலையில் வெயில் வந்து இலை காய்ந்துவிட்டால், முளைத்த குழல் வதங்கிச் செத்துப்போகும். ஆகவே, எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்பதைவிட, இலையில் எத்தனை மணி நேரம் ஈரம் நின்றது என்பதுதான் பெரிய கேள்வி.

புல்லும் நெல்லும் ஒரே குடும்பம். பைரிகுலேரியா நெல்லையும் விடுவதில்லை. அதனுடைய நெருங்கிய வகைதான் நம் வயல்களில் குலைநோயை உண்டாக்குகிறது. 1919-இல் தஞ்சாவூர் டெல்டாவில் அது பெருஞ்சேதம் விளைவித்தது. அந்த நோய்க்கு உழவர்கள் தெளிக்கும் டிரைசைக்ளசோல் என்னும் மருந்து வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அது பூஞ்சையைக் கொல்வதே இல்லை. மெலனின் உண்டாவதை மட்டும் தடுத்துவிடுகிறது. மெலனின் இல்லாத குமிழில் அழுத்தம் ஏறாது. அழுத்தம் இல்லாத பூஞ்சையால் இலையைத் துளைக்க முடியாது.

சரி, இலைமேல் ஈரம் எப்படி வருகிறது? நாம் ஊற்றுவது ஒன்று. மழை ஒன்று. மூன்றாவது பனி. லண்டனில் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். இரவு நேரத்தில் புல்மேல் சிறிய கம்பளிப் பஞ்சுத் துணுக்குகளை வைத்து, காலையில் அவை எவ்வளவு எடை கூடியிருக்கின்றன என்று நிறுத்துப் பார்த்தார். பனியைப் பற்றித் தாம் கண்டதை 1814-இல் ஒரு நூலாக வெளியிட்டார். தெளிந்த வானத்தின் கீழ் புல் தன் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த இலையைத் தொடும் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் துளியாகப் படிகிறது. பனி வானத்திலிருந்து 'பெய்வதில்லை'; இலைமேலேயே உண்டாகிறது.

நான்காவது வகை ஈரம் புல்லுக்குள்ளிருந்தே வருகிறது. விடியற்காலையில் புல்தரை அருகே குனிந்து பாருங்கள். ஒவ்வொரு இலையின் நுனியிலும் சரியாக ஒரு சொட்டு நிற்கும். பலரும் அதையும் பனி என்றே நினைக்கிறார்கள். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போதும் வேர் நீரை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நீர் போக வழியில்லாமல், இலை நுனியிலுள்ள சிறு துளை வழியாக வெளியே தள்ளப்படுகிறது. அது வெறும் தண்ணீர் அல்ல. கொஞ்சம் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அதில் கலந்திருக்கும். பூஞ்சைக்கு அது நல்ல உணவு. கோல்ஃப் மைதானங்களில் வேலை செய்பவர்கள் விடியற்காலையில் நீண்ட மூங்கில் கழியை வீசிப் புல்மேல் தடவிக்கொண்டே போவது இந்தச் சொட்டுகளையும் பனியையும் உதிர்ப்பதற்குத்தான். சிலர் நீளமான கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பார்கள். உங்கள் வீட்டுப் புல்தரையிலும் இதைச் செய்யலாம். காசு செலவில்லாத வைத்தியம்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். இரவு 10 மணிக்குப் பனி படியத் தொடங்குகிறது, காலை 8 மணிக்கு வெயிலில் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை 10 மணி நேரம் நனைந்திருக்கிறது. மாலை 6 மணிக்கு நாம் தண்ணீர் தெளித்துவிட்டால்? காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த ஊரில் அது காய்வதற்குள் பனி வந்துவிடும். 10 மணி நேரம் 14 மணி நேரமாகிறது. பூஞ்சைக்கு 4 மணி நேரத்தை நாமே சேர்த்துக் கொடுத்துவிட்டோம். அதே தண்ணீரைக் காலை 6 மணிக்குத் தெளித்தால் என்ன ஆகும்? இலை அப்போது நனைந்துதான் இருக்கிறது. புதிதாக ஈர நேரம் எதுவும் கூடாது. அதோடு, நுனியில் நிற்கும் சர்க்கரைச் சொட்டும் கழுவிக்கொண்டு போய்விடும். சற்று நேரத்தில் வெயில் வந்து எல்லாவற்றையும் காயவைத்துவிடும்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதும் புல்தரைக்கு நல்லதல்ல. மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேர் கீழே இறங்காது. மண் விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகு, ஒரே தடவையாக ஆழமாக நனையும்படி விடுங்கள். எப்போது விடலாம் என்று புல்லே சொல்லும். நீங்கள் நடந்துபோன பிறகு மிதிபட்ட புல் நிமிராமல் கால் தடம் அப்படியே தெரிந்தால், அதற்குத் தாகம் எடுத்திருக்கிறது.

திட்டு வந்துவிட்டால் முதலில் அது பூஞ்சைதானா என்று பார்க்க வேண்டும். நாய் சிறுநீர் கழித்த இடமும் கருகும். ஆனால் அதைச் சுற்றி ஒரு கரும்பச்சை வளையம் இருக்கும். புல்லைப் பிடித்து இழுக்கும்போது பாயைச் சுருட்டுவதுபோல் கையோடு வந்துவிட்டால், மண்ணுக்குள் புழுக்கள் வேரைத் தின்றிருக்கின்றன. இரண்டும் இல்லையென்றால், விடிந்தும் விடியாததுமாகப் போய்ப் பாருங்கள். பூஞ்சையைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் நேரம் அதுதான். வெயில் ஏறினால் இழைகள் சுருங்கி மறைந்துவிடும்.

உள்ளங்கை அளவோ அதைவிடச் சிறியதாகவோ வெளுத்த வட்டங்கள், அவற்றின்மேல் காலையில் மெல்லிய வெள்ளை வலை, இலையின் குறுக்கே செம்பழுப்புக் கரைகட்டிய வெளிர் பட்டை: இது டாலர் புள்ளி நோய். ஒட்ட வெட்டிய புல்லில் இந்த வட்டங்கள் அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர் நாணயத்தின் அளவில் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. பகலில் வெப்பமும் இரவில் நல்ல பனியும் உள்ள மாதங்களில் வரும். இன்னும் பெரிய பழுப்பு வட்டங்கள் என்றால் ரைசாக்டோனியாவாக இருக்கலாம். நெல்லில் இலையுறைக் கருகலை உண்டாக்குவதும் இதே பூஞ்சையினம்தான். இது காற்றில் வித்துகளைப் பறக்கவிட்டுப் பரவுவதில்லை. சிறு சிறு இழைமுடிச்சுகளாக மண்ணில் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்து, காலம் வரும்போது இழைவிட்டு நகரும். மர நிழலில் விளையாடிவிட்டு வந்த உங்கள் வெள்ளைக் காலுறையில் ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டியிருந்தால், அது துருநோய். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் புல்லுக்குக் கொஞ்சம் உரமும் வெயிலும் கிடைத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

பித்தியம் என்று இன்னொன்று உண்டு. அடைமழை நாள்களில் புல் கருத்து, வழவழப்பாகிச் சாய்ந்து கிடக்கும். அதன்மேல் பஞ்சு பூத்திருக்கும். தண்ணீர் ஓடிய பாதையிலேயே நீளநீளமாகப் பரவும். ஏனென்றால் அதன் வித்துகளுக்கு நீந்தத் தெரியும்! ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிறு சாட்டைகள் உண்டு. பார்ப்பதற்குப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் பித்தியம் பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. கடலில் வாழும் பழுப்புப் பாசிகளுக்குத்தான் அது உறவு. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும்பஞ்சத்தைக் கொண்டுவந்த நோய்க்கிருமியும் பித்தியத்தின் கூட்டம்தான். பித்தியம் பூஞ்சை அல்ல என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வதில் பலன் இருக்கிறது. கார்பென்டசிம் போன்ற வழக்கமான பூஞ்சைக்கொல்லியை எவ்வளவு தெளித்தாலும் பித்தியத்தை அது ஒன்றும் செய்யாது. கடையில் போய் 'பூஞ்சை மருந்து கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் காசும் போகும், புல்லும் போகும்.

புல்தரையில் குடைபிடித்து நிற்கும் காளான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை மண்ணிலுள்ள மட்கிய பொருளைத் தின்று வளர்பவை. அவற்றால் புல்லுக்குப் பெரிய கேடு இல்லை. உங்கள் வயிற்றுக்குத்தான் கேடு. புல்தரையில் மழைக்குப் பின் முளைக்கும் பெரிய வெள்ளைக் காளான்களில் கடுமையான வாந்தியை உண்டாக்கும் ஒரு வகை இருக்கிறது. பறித்துத் தின்னாதீர்கள், தம்பி தங்கைகளையும் தின்ன விடாதீர்கள்.

உரத்திலும் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் புல் வெளுத்துவிட்டதே என்று யூரியாவை அள்ளி வீசினால் புல் மளமளவென்று வளரும். அப்படி அவசரமாக வளர்ந்த இலை மெல்லியதாக, சாறு நிறைந்து இருக்கும். பைரிகுலேரியாவும் ரைசாக்டோனியாவும் பித்தியமும் அதைத்தான் விரும்புகின்றன. உரமே போடாமல் பட்டினி போட்டாலோ டாலர் புள்ளியும் துருவும் வரும். நன்றாக மக்கிய தொழுவுரத்தை அளவோடு போடுவது நல்லது; அது சத்தை மெல்ல மெல்லத்தான் விடும். புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கியிருந்தால் இலை வெட்டுப்படாமல் கிழிபடும். கிழிந்த நுனி பூஞ்சைக்குத் திறந்த வாசல். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ஈரப் புல்லை வெட்டவே கூடாது. நோய்வாய்ப்பட்ட இடத்தைக் கடைசியில் வெட்டிவிட்டு, கத்தியைக் கழுவிவைக்க வேண்டும். கொரியன் புல் வைத்திருக்கிறீர்களா? விரலை விட்டுப் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே செத்த தண்டுகள் மெத்தையாகச் சேர்ந்திருக்கும். அது ஒரு விரல் கனத்தைத் தாண்டினால் வாரி எடுத்துவிடுவது நல்லது. ஈரத்தைப் பிடித்துவைப்பது அதுதான்.

இனி மருந்து. ஐரோப்பாவில் பைன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்களின்மேல் ஸ்ட்ரோபிலூரஸ் என்னும் குட்டிக் காளான் முளைக்கும். வேறு பூஞ்சைகள் வந்து பங்கு கேட்காமல் இருக்க, அது ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. மற்றப் பூஞ்சைகளின் செல்கள் ஆற்றல் உண்டாக்குவதை அந்தப் பொருள் நிறுத்திவிடும். டிம் அங்கே, வுல்ஃப்காங் ஸ்டெக்லிஷ் ஆகிய ஜெர்மானிய அறிஞர்களும் அவர்களுடைய குழுவினரும் 1977-இல் அதைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். இயற்கையில் கிடைத்த பொருள் வெயில் பட்டால் சிதைந்துவிடும். வேதியியலாளர்கள் அதன் அமைப்பைச் சற்றே மாற்றி, வெயிலைத் தாங்கும்படி செய்தார்கள். 1996-இல் விற்பனைக்கு வந்த அசாக்ஸிஸ்ட்ரோபின் அப்படிப் பிறந்ததுதான். இன்று உலகமெங்கும் நெல்லுக்கும் புல்தரைக்கும் அதைத் தெளிக்கிறார்கள். ஒரு காளான் தன் காயைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த ஆயுதம்!

ஆனாலும் அதில் இரண்டு சங்கடம் உண்டு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் அதற்கு அடங்காத பூஞ்சைகள் பெருகிவிடும். அமெரிக்காவின் கோல்ஃப் மைதானங்களில் பைரிகுலேரியா சில ஆண்டுகளிலேயே இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. இரண்டாவது, எந்த மருந்தும் செத்த இலையைப் பச்சையாக்காது. நோய் புதிய இலைக்குப் பரவாமல் மட்டுமே அது தடுக்கும். புல் தானாகத்தான் வளர்ந்து இடத்தை மூட வேண்டும். ஆகையால் பூஞ்சைக்கொல்லி கடைசி வழி. அதைப் பெரியவர்கள்தான் கையுறையும் முகமூடியும் அணிந்து, உறையில் எழுதியுள்ள அளவுப்படி தெளிக்க வேண்டும். நீங்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. உறையில் சொல்லியிருக்கும் காலம் முடியும்வரை புல்லில் விளையாடவும் கூடாது.

பிள்ளைகள் பார்க்கவேண்டிய மருந்து வேறொன்று இருக்கிறது. டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூஞ்சை. 1932-இல் ரிச்சர்ட் வைன்ட்லிங் என்னும் அறிஞர், அது ரைசாக்டோனியாவின் இழையைத் தேடிப் போய்ச் சுற்றிக்கொண்டு, அதையே தின்றுவிடுவதைக் கண்டார். பூஞ்சையைத் தின்னும் பூஞ்சை! நம் ஊர் வேளாண்மைக் கடைகளில் டிரைக்கோடெர்மா விரிடி தூளாகக் கிடைக்கும். உழவர்கள் அதைத் தொழுவுரத்தில் கலந்து வயலில் இடுகிறார்கள். புல்தரைக்கும் அப்படியே கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது மெல்லியதாகத் தூவலாம். மழைக்காலத்துக்கு முன்பே இட்டுவிட வேண்டும். நோய் முற்றிய பிறகு போட்டுவிட்டு, மறுநாள் பலன் எதிர்பார்க்கக் கூடாது. அதுவும் உயிர்தானே, வளர நேரம் வேண்டும்.

வீட்டில் புல்தரை இல்லாதவர்களும் ஒரு சோதனை செய்யலாம். இரவெல்லாம் ஊறவைத்த நெல்லையோ கம்பையோ ஒரு கொட்டாங்குச்சி மண்ணில் விதையுங்கள். நாற்று இரண்டு விரல் உயரம் வந்ததும், மாலையில் இலை நனையாமல் மண்ணுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, ஒரு கண்ணாடி டம்ளரால் மூடிவையுங்கள். காலையில் எழுந்ததும் பாருங்கள். நீங்கள் நனைக்காத இலைகளின் நுனியில் நீர் நிற்கும். ஒரு சொட்டை விரலால் துடைத்துவிட்டுக் காத்திருந்தால், மறுபடி அதே நுனியில் இன்னொரு சொட்டு ஊறும்.

புல்தரை இருப்பவர்கள் செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். காலை 6, 7, 8, 9, 10 மணிக்குத் திறந்த வெளியில் ஒன்று, மரத்தடியில் ஒன்று, மதில் ஓரத்தில் ஒன்று என்று புல்மேல் வைத்து அழுத்தி எடுங்கள். நனைந்ததா, இல்லையா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாரம் செய்தால், உங்கள் புல்தரையில் எந்த மூலை எத்தனை மணிக்குக் காய்கிறது என்று தெரிந்துவிடும். கடைசியாகக் காய்கிற மூலையில்தான் நோயும் முதலில் வரும். ஐப்பசி மழை தொடங்குமுன் இந்தக் கணக்கு கையில் இருந்தால், எந்தக் கிளையைக் கழித்து வெயில் விடுவது, எந்த இடத்தில் மண்ணைக் கம்பியால் குத்தித் தண்ணீர் இறங்க வழிசெய்வது என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களே காட்டலாம்.